ஒரிஜினல் அட்டை

“பச்சை மையில் கையெழுத்துப் போட்ட கை, ஒருநாளும் கைநாட்டு வைக்காது!” என்று முழங்கினார் ஆவடி தொழிற்சாலையின் முன்னாள் அதிகாரி ரகுநாதன். அப்போது அவருடைய சட்டைப் பொத்தானை மனைவி கஸ்தூரி போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள்.

பக்கவாதம் வந்து ஐந்து மாதமாக வலது கை மடியில் கிடந்தது. நவம்பரில் பென்ஷனுக்கு லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். அதற்குள் கை திரும்பாவிட்டால், வங்கியில் எல்லார் முன்னாலும் கட்டைவிரலை நீட்ட வேண்டியதுதான்.

அதற்காகத்தான் வேலப்பன்சாவடியில் ஒரு ஆஸ்பத்திரி ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தார். தலையில் காந்தச் சுருளை வைத்து, டக் டக்கென்று மூளையைத் தட்டி எழுப்புவார்கள். பிறகு ஒரு மணி நேரம் விரல் பயிற்சி. பாதிப் பேருக்கு நிஜக் காந்தம், மீதிப் பேருக்கு வெறும் சத்தம். யாருக்கு எது என்பது, அவரவர் அட்டையைச் செருகும் மெஷினுக்கும், மூடி முத்திரையிட்ட ஒரு ரகசியப் பட்டியலுக்கும் மட்டுமே தெரியும்.

முதல் நாள் இரண்டு பேர் அட்டையையும் வாங்கி வந்தவன் தினகரன். ரகுநாதனிடம் இருபது வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். அவனுக்கும் அதே பக்கவாதம், அதே வலது கை, அதே ஆராய்ச்சி. “இந்தாங்க சார், ஒங்களுது” என்று நீட்டினான். அட்டையில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான்.

இரண்டாவது வாரம் தினகரன் கோலிக்குண்டைப் பொறுக்கி டப்பாவில் போட்டான். பயிற்சி கொடுக்கும் லாவண்யா கைதட்டினாள். ரகுநாதனால் தட்ட முடியாது. முடிந்திருந்தாலும் தட்டியிருக்க மாட்டார்.

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. “ஸ்டோர் கீப்பருக்கு ஒரிஜினல், ஆபீசருக்கு டம்மியா?”

“அவருக்கும் நல்லாத்தான் ஆகட்டுமேங்க” என்றாள் கஸ்தூரி.

“ஆகட்டும். எனக்கப்புறம் ஆகட்டும்!”

மறுநாள் தினகரனை ஓரங்கட்டினார். “யோவ், ஒன் அட்டையக் குடு. நீ என்னுத வச்சுக்க. யார்கிட்டயும் மூச்சு விடாதே.”

தினகரன் அவர் முகத்தைப் பார்க்காமல் நீட்டினான். “நீங்க கேட்டு நான் இல்லன்னு சொல்லிக்கீறேனா சார்? எட்துக்கோங்க.”

அடுத்த இரண்டு வாரத்தில் ரகுநாதனின் விரல்கள் கோலியை எடுத்தன, பேனாவைப் பிடித்தன. கடைசி நாள் காகிதத்தில் அவருடைய கையெழுத்து கோணல்மாணலாக எழுந்து நின்றது. பச்சை மையில்தான்.

ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் சௌம்யா ரகசியப் பட்டியலைப் பிரித்தார். “ரகுநாதன் சார், உங்க பேருக்குக் குடுத்த அட்டை டம்மி. தினகரனுக்குத்தான் ஒரிஜினல். ஆனா உங்க கை எப்படி இவ்ளோ நல்லா...?”

ரகுநாதன் வெடித்துச் சிரித்தார். “எனக்கு அன்னிக்கே தெரியும் டாக்டர்! அதான் நடுவுல அட்டைய மாத்திக்கிட்டேன். ஒரிஜினல் ஒரிஜினல்தான். கையெழுத்தப் பாருங்க!”

டாக்டரின் முகம் வெளுத்தது. தினகரன் தலையைச் சொறிந்தான், அதுவும் வலது கையால்.

“கோச்சுக்காதீங்க சார். ஒரிஜினல ஆபீசருக்குத்தான் குடுப்பாங்கன்னு, மொத நாளே நான் ரெண்டு அட்டையையும் மாத்திட்டேன். நீங்க கேட்டு வாங்கினது ஒங்க டம்மியத்தான்.”