முத்து அண்ணனின் வலது கால்

"செத்துட்டார்லா. என்னைப் பொறுத்தவரைக்கும் முத்து அண்ணன் செத்துட்டார்."

சொல்லிவிட்டு ராஜீவ் தே தாரிக் டீயை ஒரே மடக்கில் குடித்தான். தேக்கா காப்பிக்கடையில் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கறுப்புச் சட்டை. பக்கத்தில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மா, யார் வீட்டுத் துக்கமோ என்று பரிதாபமாகப் பார்த்தார்.

துக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. செத்துப்போனதாகச் சொல்லப்பட்டவர் இன்னும் கொஞ்ச நேரத்தில் அதே கடைக்கு, இந்தக் கறுப்புச் சட்டை ரசிகர் மன்றத்தைப் பார்க்க வருவதாக இருந்தார்.

முத்து அண்ணன் என்கிற சுவிசேஷமுத்து சிங்கப்பூர் மேடைகளில் காலமெல்லாம் ராக் கிட்டாரை அலற விட்டவர். வாசிக்கும்போது வலது காலால் தரையை ஓங்கி ஓங்கி மிதிப்பார். அந்த மிதியைப் பார்க்கவே டிக்கெட் வாங்கியவர்கள் உண்டு. இப்போது தனியாக ஓர் ஆல்பம் போட்டிருக்கிறார். அதில் மிதியும் இல்லை, அலறலும் இல்லை.

"நல்லாத்தானே இருக்கு அண்ணே," என்றாள் பெதானி. மன்றத்திலேயே இளையவள் அவள். "நாட்டுப்புறப் பாட்டு மாதிரி இருக்கு. கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்க."

"கண்ணை மூடினா தூக்கம்தான் வருது. நாட்டுப்புறம்னா என்னன்னு தெரியுமா உனக்கு? தப்பு அடிச்சா வயிறு அதிரும். ஒயிலாட்டம் ஆடினா தரை அதிரும். அதுக்கும் இதுக்கும் என்னலா சம்பந்தம்?"

"தாலாட்டும் நாட்டுப்புறம்தானே?"

"தாலாட்டுக்கு எதுக்கு எலெக்ட்ரிக் கிட்டார்?"

மேசை இரண்டாகப் பிரிந்தது. ஒருவர் தெம்மாங்கு என்றார், இன்னொருவர் ஏற்றப்பாட்டு என்றார். ஹோட்டல் லிஃப்டில் போடுகிற மியூசிக் என்றான் வேய்ன்.

ராஜீவ் மேசையைத் தட்டினான். "இன்னைக்கு அவர் மூஞ்சிக்கு நேரா கேட்கப் போறேன். சரியான பதில் வரலன்னா மன்றத்தைக் கலைச்சிடுவேன். முடிஞ்சுது."

பெதானி அவன் கையைப் பிடித்தாள். இருபது வருடமாக அவன் தன் கைக்காசைப் போட்டு நடத்தும் மன்றம் அது. சொன்னால் செய்கிறவன்.

"வயசானவர். விட்டுடுங்க அண்ணே."

"நானா விடுறவன்? என் மேல் வீட்டுல ஒருத்தன், சாயங்காலமானா போதும், டம்மு டம்முன்னு உரல்ல மிளகாய்ச் சம்பால் இடிச்சிக்கிட்டிருந்தான். துடைப்பக் கட்டையால சீலிங்கைத் தட்டித் தட்டியே நிறுத்த வச்சேன். இத்தனைக்கும் அவன் மூஞ்சியக்கூடப் பார்த்ததில்ல. பழகின மனுஷன்கிட்ட கேட்க மாட்டேனா?"

அப்போதுதான் முத்து அண்ணன் உள்ளே வந்தார். நரைத்த குடுமி, கால்சட்டை, ரப்பர் செருப்பு. செத்துட்டார் என்றவன்தான் முதல் ஆளாக எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டான். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்க வலது கால் எங்க போச்சு?"

முத்து அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்களாவது கேட்டீங்களே தம்பி. பேட்டி எடுக்க வந்தவங்க எல்லாம் நாட்டுப்புறமான்னு கேட்டாங்க, ஞானமான்னு கேட்டாங்க. ஆமா ஆமான்னு தலையாட்டி வச்சேன். நாட்டுப்புறமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

"அப்புறம்?"

"போன வருஷம் மகள் வீட்டோட வந்துட்டேன். வீட்டுல ஹெட்ஃபோன் போட்டுத்தான் வாசிப்பேன், கிட்டார் சத்தம் வெளிய வராது. கால் சத்தம் மட்டும் தரை வழியா இறங்கிடும் போல. கீழ் வீட்டுக்காரருக்கு ஆகல. மகளுக்குச் சங்கடமாப் போச்சு. சரின்னு கட்டில் மேல காலை மடக்கி உட்கார்ந்து வாசிச்சேன். கால் அடங்கினா கையும் அடங்கிடும் தம்பி. அப்படி வந்ததுதான் இந்த ஆல்பம்."

ராஜீவுக்கு முகம் சிவந்துவிட்டது. மன்றத்தைக் கலைக்க வந்தவன், மன்றத்தையே கிளப்பினான்.

"யாருலா அந்த ஆளு? காதா அது, இல்ல வெறும் ஓட்டையா? அட்ரஸ் சொல்லுங்க அண்ணே. இப்பவே எல்லாரும் போய் அவன் வாசல்ல நிக்குறோம்."

"யாரும் வர வேணாம். நானே முடிவு பண்ணிட்டேன்." முத்து அண்ணன் செருப்பைக் கழற்றி, வலது காலைத் தரையில் ஊன்றினார். "இந்த வயசுல அடுத்தவனுக்குப் பயந்து பயந்து வாசிக்கிறதுக்கு, பேசாம கிட்டாரை வித்துடலாம். இன்னைக்குச் சாயங்காலம் மறுபடி மிதிக்கப் போறேன். யார் வந்து கேட்டாலும் நிறுத்த மாட்டேன்."

"நீங்க மிதிங்க அண்ணே. ஆனா அவனை நாங்க ஒரு கை பார்க்கணும். எந்த பிளாக்னு மட்டும் சொல்லுங்க."

"தோ பாயோவுல, கோயிலுக்கு எதிர்த்த பிளாக். நான் பத்தாம் மாடி, கடைசி வீடு. நேர் கீழ அவர் இருக்கார்."

எல்லோரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். "வாங்க ராஜீவ் அண்ணே, போலாம்," என்று பெதானி பையை மாட்டிக்கொண்டாள்.

ராஜீவ் மட்டும் எழவில்லை. காலியான கிளாஸை எடுத்து வாயில் வைத்தான், கீழே வைத்தான். பிறகு முத்து அண்ணனின் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"நல்லா மிதிங்கண்ணே. ஒன்பதாம் மாடிக்காரன் இனிமே தட்ட மாட்டான்."