இருபதாவது பிழை

மூன்று மணிக்கு அது மாட்டியது.

நான்கைக் கூட்டச் சொல்லி ஆயிரம் தடவை எண்ணாகவே கொடுத்தேன். ஆயிரத்தோராவது தடவை ‘குடை’ என்ற சொல்லைக் கொடுத்தேன். கம்பைலர் குடையோடு நான்கைக் கூட்டி, கூச்சமே இல்லாமல் எழுநூற்றுப் பன்னிரண்டு என்றது.

என் வேலை இதுதான். நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றி, அது ஓடும்போதே வேகமாக்குகிற கம்பைலர் எங்களுடையது. திரும்பத் திரும்ப எண்ணே வந்தால், இனியும் எண்தான் வரும் என்று அது கணித்துக்கொள்ளும். கணிப்பு பொய்த்தால் கண்டுபிடிக்க ஒரு சிறு சோதனையைக் காவலுக்கு வைக்கும். வேகத்துக்காக அந்தக் காவலையும் எங்கள் ஆட்கள் சில இடங்களில் எடுத்துவிடுவார்கள். அந்த இடமாகத் தேடிப்போய்க் குத்துவதற்கு எனக்குச் சம்பளம்.

தோளில் கைபோட்டுக் கழுத்தறுக்கிற வேலை என்பாள் என் அக்கா. இருக்கட்டும், எனக்குப் பிடித்திருக்கிறது.

அறிக்கை எழுதினேன். எந்தக் கோப்பு, எந்த வரி, எழுதியவர் யார். கடைசிக் கட்டத்தில் பெரியப்பாவின் பெயரைப் போட்டேன்.

யாருக்கும் அவர் பெரியப்பா இல்லை. முப்பதைத் தாண்டாதவர்கள் நிறைந்த அறையில் அவருக்கு நாற்பத்தெட்டு. அதனால் வந்த பட்டம்.

இந்த வருடம் நான் பிடித்ததில் ஏற்கெனவே பத்தொன்பது அவர் பெயரில் இருந்தன. இருபதைத் தொட்டால் வேலை போய்விடும் என்று மேலாளர் போன மாதமே எழுத்தில் கொடுத்திருந்தார். பெரியப்பா வீட்டில் சம்பாதிக்கிறவர் அவர் ஒருவர்தான்.

வருத்தமாகத்தான் இருந்தது. அதற்காகப் பிழையை மூடி மறைக்க முடியுமா? அனுப்பினேன்.

நாலரைக்கு அவரைக் கூப்பிட்டார்கள். ஐந்துக்கு, கழுத்தில் அடையாள அட்டை இல்லாமல் வெளியே வந்தார். கொஞ்ச நேரம் போனில் பேசினார். சார்ஜரைச் சுற்றிப் பைக்குள் வைத்தார். மேசையைத் துடைத்தார்.

பிழையைத் திருத்த வேறு ஆளைப் பிடிக்கச் சொன்னார் மேலாளர். அந்த வரியை இதற்கு முன் யாரெல்லாம் தொட்டிருக்கிறார்கள் என்று பார்க்க, அதன் வரலாற்றைத் திறந்தேன்.

எழுதியவர் இடத்தில் வேறு பெயர் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்பே வேலையை விட்டுப் போனவருடைய பெயர்.

பழைய பத்தொன்பதையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். முதல் மூன்று பெரியப்பாவுடையவை. நான்காவது இல்லை. ஐந்தாவதும் இல்லை. எட்டாவதுக்கு மேல் திறக்க எனக்குக் கை வரவில்லை.

அந்த முதல் மூன்றுக்கு மட்டும்தான் நான் வரலாற்றைப் பார்த்திருந்தேன். அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் பெயரையே போட்டுவந்தேன். பார்க்க நேரம் பிடிக்கும்.

லிஃப்ட் வாசலில் அவரைப் பிடித்து, மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்த்தை மறுத்திருக்கக் கூடாதா என்று அவரிடமே கோபப்பட்டேன்.

“நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்னு நானும் பாக்கலைம்மா. வந்ததை வந்தபடி திருத்திக் குடுத்துட்டே இருந்தேன்.”

லிஃப்ட் வந்தது, திறந்தது, மூடிக்கொண்டது. அவர் ஏறவில்லை. கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் உங்களுதுதானான்னு பாத்தீங்களான்னு இப்ப என் சம்சாரம் ஒருத்திதான் கேட்டா. அவளைத் திட்டிட்டேன்.”