முன்வரிசை

முன்வரிசையில் உட்காரலாமா, நடுவிலா? கேள்வி கேட்டால் என் இங்கிலீஷைப் பார்த்துச் சிரிப்பார்களோ?

நல்லம்பள்ளி பஸ்ஸில் வரும்போதெல்லாம் ஜாஸ்மினுக்கு இதே யோசனை. தர்மபுரியில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். சிங்கப்பூரில் நடக்கும் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புப் பயிற்சிக்கு அதே ஆஸ்பத்திரி டாக்டர் மலர்விழி அவளையும் கூப்பிட்டிருந்தார்.

"விசா வந்திருச்சு ஜாஸ்மின். சந்தோஷமா?"

"ரொம்பங்க மேடம். எங்க வூட்டுக்காரரு தெருவெல்லாம் சொல்லிட்டாருங்க. கறிக்கடைக்காரரு இப்பவே என்னை டாக்டரம்மாங்கறாரு."

டாக்டர் சிரித்தார். "எந்தக் குழந்தையும் உன் கையில அழறதில்ல. அதான் உன்னையே கூட்டிட்டுப் போலாம்னு நெனச்சேன்."

"நோட்டு அங்கயே தருவாங்களா, நான் வாங்கிக்கணுமாங்க மேடம்?"

"நோட்டு எதுக்கு?"

"கிளாஸ்ல எழுதத்தாங்க."

"கிளாஸ் எனக்குத்தாம்மா. நான் திரும்பி வர்ற வரைக்கும் ரூம்ல என் பாப்பாவைப் பாத்துக்க ஆள் வேணுமில்ல? சாயங்காலம் எல்லாரும் ஊர் சுத்தலாம். டிக்கெட் போட்டிரட்டுமா?"

வார்டில் ஒரு குழந்தை அழுதது. ஜாஸ்மின் டாக்டர் அறையின் வாசல்வரை போய் நின்றாள்.

"வேணாங்க மேடம்," என்றாள் மெதுவாக. "கிளாஸ்ல எனக்கும் ஒரு நாற்காலி இருக்கறப்ப கூப்பிடுங்க."