மூன்றாம் வரிசை மாணவி

புதிய பருவம் தொடங்குமுன் பேராசிரியர்கள் எல்லோரும் திரை வகுப்பில் பாடம் நடத்தித் தேற வேண்டும். திரையில் தெரியும் அறுபது பேரும் அந்தக் கல்லூரியின் பழைய மாணவர்களின் பதிவுகளிலிருந்து உருவாக்கப்பட்டவர்கள்.

இயற்பியல் பேராசிரியை ஜெசிந்தா வெப்ப எஞ்சின் பாடத்தைத் தொடங்கினார். மூன்றாம் வரிசைப் பெண் எழுந்தாள்.

"வேலை செய்யாத வெப்பம் எல்லாம் எங்க மேடம் போகுது?"

ஜெசிந்தாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான்கு வருடங்களுக்கு முன் சுகிர்தா கேட்ட அதே கேள்வி. "சிலபஸ் முடிக்கணும், உட்காரு" என்று அன்று அடக்கிவிட்டார். அந்த ஒரு தேர்வில் மட்டும் தோற்ற சுகிர்தா, மறுபடி எழுதாமல் படிப்பையே விட்டுவிட்டாள்.

"அடுத்ததுக்குப் போங்க மேடம், உங்க மார்க் குறையுது," என்றார் பயிற்சியாளர் முபாரக்.

"குறையட்டும் சார்."

ஆறிப்போகும் டீ, சுடுகிற பைக் சைலன்சர் என்று நான்கு விதமாக விளக்கினார். கடைசியில் திரைப்பெண் தலையாட்டினாள். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. ஜெசிந்தா தேறவில்லை, மறுபடி வரச் சொன்னார்கள்.

அவர் நேராகக் கல்லூரி அலுவலகத்துக்குப் போய்த் தொலைபேசி எண்ணை வாங்கி, ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் சுகிர்தாவை அழைத்தார்.

"அரியர் எழுத உனக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாம்மா."

"எனக்கு அது புரியாது மேடம்."

"புரியும். எனக்குத்தான் அப்ப சொல்லத் தெரியல."