தேறாத கலசம்

உப்புநீரில் கரையும் பிளாஸ்டிக் அஸ்திக் கலசங்களைச் சோதிப்பது மரகதவல்லியின் வேலை. கையில் கல்லாய் உறுதியாக இருக்கும் கலசம் கடலில் மூன்றே நிமிடத்தில் கற்கண்டாய்க் கரைய வேண்டும், இல்லாவிட்டால் கழித்துவிடுவாள்.

இன்று கணவரின் அஸ்தியோடு அவளே படகில் வந்திருந்தாள். அவள் விட்ட வெள்ளைக் கலசம் காலைப் பனிக்குள், தூக்கத்தில் நடப்பதுபோல் மெல்ல விலகிப் போயிற்று.

படகோட்டி செல்வின் இஞ்சினைக் கிளப்பினான். "விட்டாச்சுல்லாக்கா, திரும்பிப் பாக்கக் கூடாது."

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். விட்டுப் பத்து நிமிடமாகியும் கலசம் அப்படியே மிதந்தது.

"என்னக்கா, இன்னும் கரையல? மட்டச் சரக்கா?"

"ஆமா தம்பி. தேறாதுன்னு நாந்தான் கழிச்சுப் போட்டேன். கரைய ஒரு மணி நேரம் ஆவும்."

"தெரிஞ்சேவா கொண்டாந்திய?"

"தெரிஞ்சுதான்."

செல்வின் இஞ்சினை அணைத்தான்.