‘நைஸ்’: பத்து வாக்கியங்கள்

லாஸ் ஏஞ்சலிஸில் வீட்டு வேலை பார்க்கும் மெக்சிகோ பெண்களுக்கு, மாதா கோயில் கூடத்தில் லியோபார்டோ சார் இலவசமாக இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தார். அப்பேர்ப்பட்ட தியாகி!

“இன்னிக்கு ‘நைஸ்’. நம்ம ஸ்பானிஷ்ல மனுஷனுக்கு ஒரு வார்த்தை, சூப்புக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு. இவனுங்களுக்கு எல்லாமே நைஸ்தான்.”

“தட்டை உடைச்சாக்கூட எங்க முதலாளியம்மா ‘நைஸ்’ங்கறாங்களே சார்?” என்றாள் எடுவிஹெஸ். வகுப்பிலேயே மக்கு.

“அது குத்தல் தாயீ. உனக்குப் புரிய இன்னும் பத்து வருஷம் ஆகும்.”

பலகையில், தன் வீட்டையே மாதிரியாக எழுதிப் போட்டார். ஆல்டர் தெரு, பதினாலாம் நம்பர் வீடு நைஸ். நாய் நைஸ், கடிக்காது. சாவி பூந்தொட்டிக்குக் கீழே.

“இதே மாதிரி முதலாளி வீட்டைப் பத்திப் பத்து வாக்கியம் எழுதிட்டு வாங்க. விலாசம் முக்கியம்!”

முக்கியம்தான். சாரின் பிழைப்பே அந்த வீட்டுப்பாடங்களில்தான் ஓடியது. போன மாதம், வகுப்பில் இருந்த காசிமிரா வேலை பார்த்த வீட்டில் திருட்டு. பழி அவள் தலையில் விழுந்து வேலை போயிற்று. சாருக்கும் வருத்தம்தான். அவ்வளவு விவரமாக எழுத இனி யார் இருக்கிறார்கள்?

ஆனால் இந்த வாரம் எடுவிஹெஸ் அசத்திவிட்டாள். ‘முதலாளி வீடு நைஸ். வெள்ளிக்கிழமை எல்லோரும் கடற்கரை போவார்கள். பின்கதவுப் பூட்டு நைஸ் இல்லை.’

வெள்ளிக்கிழமை மதியம் சார் ஒரு மணி நேரம் காரோட்டிப் போய்ப் பார்த்தால், அந்த நம்பரில் புல் முளைத்த காலி மனை.

“ஒரு நம்பரைக்கூட ஒழுங்கா எழுதத் துப்பில்லாத ஜென்மம்!” என்று திட்டியபடியே வீடு திரும்பினார்.

கதவைத் திறந்ததும் நாய் வாலாட்டியது. தரை பளபளவென்று துடைத்திருந்தது. அலமாரியில் பூட்டி வைத்திருந்த வெள்ளித் தட்டு, கடிகாரம், மெழுகுவத்தித் தாங்கி அத்தனையும் மேஜைமேல் மின்னின. ஒவ்வொன்றிலும் சொந்தக்காரர் பெயரெழுதிய துண்டுச்சீட்டு. வருஷக்கணக்காகத் துடைத்த கைகளுக்கு அடையாளம் தெரியாதா என்ன!

நடுவில் ஒரு வீட்டுப்பாடம். எடுவிஹெஸ் கையெழுத்து. பழக்க தோஷத்தில் தப்பு தேடினார். ஒன்பது வாக்கியத்திலும் ஒரு தப்பு இல்லை. பத்தாவதைப் படித்தார்.

‘சாருக்குப் பின்னால் நிற்கும் போலீஸ்காரரும் நைஸ்.’