அதிசயப்படாத சுற்றுலாப் பயணி

“தங்கச்சி, வாயைக் கொஞ்சம் பிளந்து பாருங்கோ” என்றார் கிறிஸ்துநாயகம். “நீங்கள் சிங்கப்பூரிலயிருந்து டென்மார்க் பாக்க வந்த பணக்கார மனிசி. ஒண்டையும் கண்டு அதிசயப்படாமல் இருந்தால் எப்பிடி?”

செலீனா சொன்னபடி வாயைப் பிளந்தாள். அதிசயப்பட்டவள் மாதிரி இல்லை, பல் டொக்டரிடம் போனவள் மாதிரி இருந்தது.

அதிசயப்பட அங்கே விஷயம் இல்லாமல் இல்லை. கொப்பன்ஹேகன் கால்வாய்க் கரையில் இருந்த அந்தச் சின்ன ஹோட்டலில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு நிறம். உட்காரவே பயமாக இருக்கும் அளவுக்கு அழகான நாற்காலிகள். குளியல் தொட்டிக்குச் சிங்கத்தின் கால்கள். காலைச் சாப்பாட்டு மேசையில், நல்ல வெயில் அடிக்கும்போதே மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது.

“இவ்வளவு வடிவான ஹோட்டல் தேவையோ அண்ணை?” என்று கேட்டான் எதிரே இருந்த அந்தோனிதாசன்.

“தேவை. மலிஞ்ச இடத்தில தங்கினவையைத்தான் ஏர்போட்டில துருவித் துருவிக் கேப்பாங்கள். இந்த ஹோட்டல் பேர் போட்ட பையோடை போற ஆளுக்கு ‘குட்மோர்னிங் மேடம்’தான்.”

கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்து இஷொய் ஊரில் இருக்கும் கிறிஸ்துநாயகம் சொன்னால் மறுபேச்சில்லை. ஆள் அனுப்பும் ஏஜென்சித் தொழிலில் அவர் கைராசிக்காரர். அவர் அனுப்பியவர்கள் கனடாவில் வீடு வாங்கி, வீட்டின் முன்னால் நின்று எடுத்த படத்தையும் அனுப்பியிருந்தார்கள். ஆனால் அந்தோனிதாசன் வந்து இந்த வேலையைச் சொன்னபோது, அவரே தலையைச் சொறிந்தார்.

அந்தோனிதாசனுக்கு டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில் தொழிற்சாலை வேலை. அகதி என்று ஏற்றுக்கொண்ட கையோடு, யாழ்ப்பாணத்தில் இருந்த மனைவி செலீனாவைக் கூப்பிட விண்ணப்பித்தவன். சட்டப்படி அவள் வரலாம். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே! தமிழர்களின் குடும்ப விண்ணப்பங்களை அமைச்சு அடியில் போட்டு வைத்திருந்த காலம் அது. பத்திரிகைகள் கொஞ்சம் கொஞ்சமாக மணந்து பிடித்து எழுதத் தொடங்கியிருந்தன. அந்தோனிதாசன் பொறுத்துப் பார்த்தான். கடைசியில் சட்டத்தை விட்டுவிட்டு ஏஜென்சியைப் பிடித்தான்.

இப்போது செலீனாவின் கைப்பையில் இருந்த சிங்கப்பூர் பாஸ்போட்டில் அவள் பெயர் விக்ரோரியா. படம் மட்டும் அவளுடையது. பிடிபட்டால் புருஷனும் பெண்சாதியும் ஒன்றாக வாழ்வதை மறந்துவிட வேண்டியதுதான்.

பரிமாறும் பெண் வந்து கோப்பி ஊற்றினாள். “தக்” என்று டெனிஷில் நன்றி சொன்னாள் செலீனா.

கிறிஸ்துநாயகம் மேசைக்கடியில் அவள் காலை மிதிக்கப் பார்த்தார். மிதி அந்தோனிதாசனுக்கு விழுந்தது.

“எவ்வளவு அழகாகச் சொல்கிறீர்கள்!” என்று அந்தப் பெண் பூரித்துப்போனாள்.

“கைட் புத்தகத்தில் படித்திருக்கிறார்” என்று கிறிஸ்துநாயகம் ஆங்கிலத்தில் சமாளித்தார். அவள் போனதும் திரும்பினார். “வாயைத் திறக்காதேங்கோ தங்கச்சி. சாப்பிடுங்கோ.”

செலீனா கறுப்புப் பாணில் ஈரல் பசையைப் பூசி, மேலே வெள்ளரிக்காய்த் துண்டை வைத்துக் கடித்தாள்.

“முகத்தைச் சுளியுங்கோ!”

“நல்லாய்த்தானே கிடக்கு அண்ணை.”

அந்தோனிதாசன் சிரித்துவிட்டான். அவனைப் பார்த்து அவளும் சிரித்தாள். கிறிஸ்துநாயகத்துக்குத்தான் இரத்தம் கொதித்தது.

“இவர் உங்களுக்குத் தூரத்துச் சொந்தம், வழியனுப்ப வந்தவர். தூரத்துச் சொந்தத்தைப் பாத்து ஒருத்தரும் இப்பிடிச் சிரிக்கிறேல்லை!”

சிரிப்பை அடக்கப் போய் செலீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “பயமாக் கிடக்கு” என்றாள் மெதுவாக.

“ஒரே ஒரு கவுண்டர்தான் செலீனா” என்றான் அந்தோனிதாசன். “அதைத் தாண்டினால் காணும். பிறகு எங்களை ஒருத்தராலும் பிரிக்கேலாது.”

“செலீனா இல்லை, மேடம்!” என்றார் கிறிஸ்துநாயகம்.

விமான நிலையத்தில் ஆண்கள் இருவரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். அதிகாரி பாஸ்போட்டில் இருந்த படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார். அந்தோனிதாசனுக்கு ‘அருள் நிறைந்த மரியே’ செபம் பாதியில் மறந்துபோனது.

“கடற்கன்னிச் சிலை பார்த்தீர்களா?” என்று அதிகாரி கேட்டார்.

‘அற்புதம்’ என்று சொல்லத்தான் கிறிஸ்துநாயகம் படிப்பித்திருந்தார். பயத்தில் செலீனாவின் வாயில் உண்மை வந்துவிட்டது.

“பார்த்தேன். சரியான சின்னது.”

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். “அசல் சுற்றுலாப் பயணி! எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள்.” முத்திரை விழுந்தது. “மறுபடியும் டென்மார்க்குக்கு வாருங்கள், மேடம்.”

“கட்டாயம் வருவேன்” என்றாள் செலீனா.

சில்க்போர்க்கில் புருஷனின் அறையில் ஒரு வருடமாக ஒளிந்திருந்தவள், டென்மார்க்குக்குள் வர அரசாங்கம் ஒருவழியாகக் கொடுத்துவிட்ட அனுமதியை, யாழ்ப்பாணத்தில் இருந்தவளாகவே போய் நேரில் வாங்குவதற்காகக் கொழும்புக்கு விமானம் ஏறினாள்.